கருவி மாணவன் கையில்; தேர்வு யார் கையில்?

ஈஜிபுராவிலும், அதையொட்டிய விவேக்நகர், நீலசந்திரா, ஆடுகோடி பகுதிகளிலும் வாழும் தமிழ்த் தொழிலாளர் குடும்பங்களில் நெடுநாளாக ஊறிப்போன ஓர் எண்ணம் உண்டு. தந்தை உளி பிடித்தது போதும், மகன் பேனா பிடிக்க வேண்டும் என்பதே அது. தாய் தையல் ஆலைக்குப் போய் வந்தது போதும், மகள் அலுவலகம் போக வேண்டும் என்பது அதன் மறுபாதி. பெங்களூருக்குப் பிழைக்க வந்தவர்கள் வாயைக் கட்டி, வயிற்றைக் கட்டிப் பிள்ளைகளைப் படிக்க வைத்ததும் இந்த நம்பிக்கையில்தான்.

இப்போது அந்த உளி பள்ளிக்கூடத்தின் வழியாகவே பிள்ளையின் கைக்குத் திரும்பி வருகிறது. 2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை, ஆறாம் வகுப்பிலிருந்தே மாணவர்களுக்குத் தச்சு, மின்சாரப் பணி, உலோகப் பணி, மண்பாண்டம், தோட்ட வேலை முதலியவற்றில் பழக்கம் வேண்டும் என்கிறது. ஆறு முதல் எட்டு வகுப்புகளுக்குள் பத்து நாள் புத்தகப் பையின்றி உள்ளூர்த் தொழிலாளரிடம் சென்று பழகவும் வழி சொல்கிறது. 2025ஆம் ஆண்டுக்குள் மாணவர்களில் பாதிப் பேருக்காவது தொழிற்கல்வி அறிமுகம் கிடைக்க வேண்டும் என்று அது இலக்கு வைத்திருந்தது.

இதைக் கேட்டதும் பெற்றோர் மனத்தில் இரண்டு கேள்விகள் எழுவது இயல்பு. பிள்ளையை மறுபடியும் கைவேலைக்கே தள்ளுகிறார்களா? அல்லது கைவேலையும் தெரிந்த படிப்பாளியாக ஆக்கப் பார்க்கிறார்களா? இரண்டில் எது நடக்கும் என்பதைத் தீர்மானிக்கப் போவது பட்டறையில் உள்ள கருவிகள் அல்ல. என்ன செய்வது, எப்படிச் செய்வது என்று முடிவு செய்யும் உரிமை யாரிடம் இருக்கிறது என்பதே அதைத் தீர்மானிக்கும்.

1953 தந்த பாடம்

தமிழர்களுக்கு இந்த விஷயத்தில் ஒரு பழைய காயம் உண்டு. 1953இல் அன்றைய சென்னை மாநில முதலமைச்சர் ராஜாஜி, கிராமப்புறத் தொடக்கப் பள்ளிகளுக்கு ஒரு புதிய திட்டம் கொண்டு வந்தார். பள்ளி நேரம் நாளொன்றுக்கு மூன்று மணியாகக் குறையும். மீதி நேரத்தில் பிள்ளைகள் பெற்றோரின் தொழிலில் பழக வேண்டும் என்பது ஏற்பாடு. பள்ளிகளும் ஆசிரியர்களும் போதாத நிலையில், இரண்டு நேரமாகப் பிரித்து நடத்தினால் இரு மடங்கு பிள்ளைகள் படிக்கலாம் என்பது அரசுத் தரப்பு வாதம்.

ஆனால் மக்கள் அதை வேறு விதமாகப் புரிந்துகொண்டார்கள். சலவைத் தொழிலாளியின் பிள்ளை துணி வெளுக்க வேண்டும், குயவர் பிள்ளை மண் பிசைய வேண்டும் என்றால், சாதி அடுக்குக்குப் பள்ளிக்கூடமே முத்திரை குத்துகிறது என்று பொருள் அல்லவா? பெரியாரும் திராவிட முன்னேற்றக் கழகமும் இதைக் 'குலக் கல்வித் திட்டம்' என்று பெயரிட்டு எதிர்த்தனர். காங்கிரசுக்குள்ளும் எதிர்ப்பு எழுந்தது. ராஜாஜி பதவி விலகினார். 1954 ஏப்ரலில் முதலமைச்சரான காமராஜர் காலத்தில் திட்டம் கைவிடப்பட்டது.

அன்று மக்கள் எதிர்த்தது கைத்தொழிலை அல்ல என்பது கவனிக்கத் தக்கது. கையால் உழைத்துச் சோறு தின்றவர்கள்தான் அந்தப் போராட்டத்தின் பின்னால் நின்றார்கள். பிள்ளைக்குத் தேர்வு இல்லை, பிறப்பே தொழிலைத் தேர்ந்தெடுத்துவிடுகிறது என்பதே அவர்கள் எதிர்ப்பின் சாரம்.

அந்த வாதம் இன்றும் ஓய்ந்துவிடவில்லை. 2023 செப்டம்பரில் மத்திய அரசு 18 கைத்தொழில்களுக்காக விஸ்வகர்மா திட்டத்தைத் தொடங்கியது. குடும்பம் வழிவழியாக அத்தொழில் செய்திருக்க வேண்டும் என்ற நிபந்தனையை நீக்க வேண்டும், விண்ணப்பிப்போரின் குறைந்தபட்ச வயதை 35 ஆக உயர்த்த வேண்டும் என்று தமிழக அரசு கேட்டது. இப்போதைய வடிவில் திட்டத்தை ஏற்க இயலாது என்று 2024 நவம்பரில் தெரிவித்தது. 2025இல் 'கலைஞர் கைவினைத் திட்டம்' என்று தனியே 25 தொழில்களுக்கு ஒன்றைத் தொடங்கியது. பதினெட்டு வயதில் கல்லூரிக்குப் போக வேண்டிய பிள்ளை, கடன் கிடைக்கிறதென்று குடும்பத் தொழிலில் நின்றுவிடக் கூடாது என்பதே 35 வயது நிபந்தனைக்குக் காரணம். எழுபது ஆண்டு கடந்தும் வழக்கு அதே வழக்குத்தான்: தேர்வு யாருடையது?

தக்களி ஏன் தோற்றது?

தமிழ்நாட்டுப் பள்ளிகளில் படித்த மூத்தவர்களுக்குக் கைத்தொழில் வகுப்பு நினைவிருக்கும். தக்களியில் நூல் நூற்பது, தறியில் நாடா ஓட்டுவது, தச்சு வேலை என்று அட்டவணையில் இடம் இருந்தது. இவற்றுக்குப் பின்னணி 1937 அக்டோபரில் வார்தாவில் கூடிய கல்வி மாநாடு. கைத்தொழிலை நடுவில் வைத்து எல்லாப் பாடங்களையும் கற்பிக்க வேண்டும் என்றார் காந்தியடிகள். ஜாகிர் உசேன் தலைமையிலான குழு அதற்குப் பாடத்திட்டம் வகுத்தது. ஆனால் நாளடைவில் பெரும்பாலான பள்ளிகளில் தக்களி ஒரு சடங்காகிவிட்டது. எல்லாப் பிள்ளைகளும் ஒரே நூலை, ஒரே விதமாக நூற்றார்கள். அந்த நூல் எதற்கு என்று எவரும் கேட்கவில்லை. தேர்வில் மதிப்பெண்ணும் இல்லை. பயனற்றது என்று பிள்ளைகள் முடிவு செய்ததில் வியப்பில்லை.

காந்தியடிகள் நடத்திய முதல் சோதனையோ வேறு மாதிரி இருந்தது. அதில் தமிழர்களுக்கும் பங்கு உண்டு. 1910இல் தென்னாப்பிரிக்காவில், ஜோகன்னஸ்பர்க் அருகே டால்ஸ்டாய் பண்ணை தொடங்கியது. அங்கே தங்கியவர்களில் சத்தியாக்கிரகிகளான தமிழ்க் குடும்பத்தினர் பலர். நிலத்தைக் கொடுத்த ஹெர்மன் காலன்பாக் ஒரு கிறிஸ்தவ மடத்துக்குச் சென்று செருப்புத் தைக்கக் கற்று வந்தார். அவரிடம் காந்தி கற்றார். பிறகு மற்றவர்கள் கற்றார்கள். ஆசிரியர் செய்யாத வேலையைப் பிள்ளைகளிடம் சொல்வதில்லை என்பது அங்கே விதி. செருப்பு யாருடைய குலத்தொழிலாகவும் கற்பிக்கப்படவில்லை. வேண்டிய எவரும் கற்கலாம் என்றிருந்தது. தைத்த செருப்பைத் தைத்தவர்களே அணிந்தார்கள், விற்கவும் செய்தார்கள். தக்களிக்கு இல்லாமல் போன பயன் அந்தச் செருப்புக்கு இருந்தது.

தானே கற்பது என்றால் என்ன?

தொழில் வகுப்பில் மாணவன் தானே கற்பது என்றால், ஆசிரியர் நாற்காலியில் சாய்ந்துகொள்வது என்று பொருளல்ல. அமெரிக்கக் கல்வியாளர் வில்லியம் கில்பாட்ரிக் 1918இல் செயல்திட்ட முறையைப் பற்றி எழுதியபோது அதற்கு நான்கு படிகளைச் சொன்னார்: நோக்கம், திட்டம், செயல், மதிப்பீடு. நான்கிலும் மாணவனுக்குப் பொறுப்பு உண்டு. நம் ஊர் வகுப்புகளில் முதல் இரண்டையும் கடைசி ஒன்றையும் ஆசிரியர் வைத்துக்கொண்டு, மூன்றாவதை மட்டும் பிள்ளையிடம் கொடுப்பதே வழக்கம். அப்படிச் செய்தால் பிள்ளை கற்பது கீழ்ப்படிதலை மட்டுமே.

ஒரு முக்காலியை எடுத்துக்கொள்வோம். வீட்டுக்கு எது தேவை என்று மாணவியே யோசித்து முக்காலி என்று முடிவு செய்கிறாள். எத்தனை உயரம் என்று அம்மாவை உட்கார வைத்து அளக்கிறாள். படம் வரைகிறாள். பலகை எவ்வளவு, ஆணி எவ்வளவு, விலை என்ன என்று பட்டியல் போடுகிறாள். அறுக்கிறாள், இழைக்கிறாள், பூட்டுகிறாள். முடிவில் மூலைமட்டத்தை வைத்துப் பார்த்தால் ஒரு கால் சாய்ந்திருக்கிறது. அளவு தப்பியதா, அறுக்கும்போது ரம்பம் விலகியதா? ஆசிரியர் விடை சொல்வதில்லை, கேள்வி கேட்கிறார். பிழையை அவளே கண்டுபிடித்துத் திருத்துகிறாள்.

கணக்குத் தாளில் விடை சரியா என்று அறிய ஆசிரியரின் சிவப்பு மைக்காகக் காத்திருக்க வேண்டும். பட்டறையில் அந்தக் காத்திருப்பு இல்லை. மூட்டு பொருந்துகிறதா, விளக்கு எரிகிறதா என்பது உடனே கண்ணுக்குத் தெரிந்துவிடும். தன் பிழையைத் தானே கண்டு திருத்தும் பழக்கத்துக்குத் தொழில் வகுப்பைப் போல் இடம் தரும் வகுப்பு வேறொன்று இல்லை. அந்தப் பழக்கம் தச்சருக்கும் வேண்டும், குமாஸ்தாவுக்கும் வேண்டும், கணினி நிரல் எழுதுபவருக்கும் வேண்டும்.

கோவையின் ஜி.டி. நாயுடு இதற்கு வாழ்ந்து காட்டிய சான்று. பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்டவர். வெள்ளைக்கார அதிகாரி ஒருவரின் மோட்டார் சைக்கிளைக் கண்டு ஆசைப்பட்டு, ஓட்டலில் வேலை செய்து பணம் சேர்த்து அதை வாங்கினார். வாங்கியதும் ஒவ்வொரு பாகமாகக் கழற்றி, மீண்டும் பூட்டி இயந்திர நுட்பம் கற்றார். ஆனால் எல்லாப் பிள்ளைகளாலும் தனியே அப்படி முன்னேறிவிட முடியாது. நாயுடுவுக்குத் தற்செயலாக வாய்த்ததை எல்லோருக்கும் முறையாக வாய்க்கச் செய்வதுதான் பள்ளியின் வேலை.

பாபள் காட்டும் வழி

இது ஏட்டுச் சுரைக்காய் அல்ல; இந்தியாவிலேயே நடந்து வருவது. புனே மாவட்டத்தில் பாபள் என்றொரு வறண்ட கிராமம். அமெரிக்காவில் முனைவர் பட்டம் பெற்று, இந்துஸ்தான் லீவர் நிறுவனத்தில் ஆராய்ச்சிப் பணியில் இருந்த ஸ்ரீநாத் கல்பாக், அந்த வேலையை விட்டு வந்து 1983இல் அங்கே விஞ்ஞான் ஆசிரமத்தைத் தொடங்கினார். உயர்நிலைப் பள்ளிகளுக்காக அவர் வகுத்த 'அடிப்படைத் தொழில்நுட்ப அறிமுகம்' என்ற பாடத்தில் பொறியியல், ஆற்றலும் சுற்றுச்சூழலும், வேளாண்மையும் கால்நடையும், வீடும் உடல்நலமும் என நான்கு பிரிவுகள். எட்டு முதல் பத்து வகுப்பு மாணவர்கள் வாரத்தில் ஒரு நாள் நான்கையும் பழகுகிறார்கள். பையன்களுக்குத் தச்சு, பெண்களுக்குத் தையல் என்ற பாகுபாடு இல்லை.

இதில் முக்கியமான அம்சம் வேறு. மாணவர்கள் செய்யும் வேலை ஊருக்குப் பயன்பட வேண்டும். பள்ளிக்கு வேண்டிய தட்டுமுட்டுப் பொருள், ஊராரின் பழுது வேலை முதலியவற்றை எடுத்துச் செய்கிறார்கள். செலவுக் கணக்கும் எழுதுகிறார்கள். கற்றுக் கொடுப்பவர்கள் உள்ளூர்த் தொழிலாளர்களே. மகாராஷ்டிரக் கல்வி வாரியம் இதைத் தேர்வுப் பாடமாக ஏற்றது. அமெரிக்காவின் எம்.ஐ.டி. நிறுவனம், கணினியால் இயங்கும் கருவிகள் கொண்ட தன் மாதிரிப் பட்டறைகளில் ஒன்றை 2002இல் இந்தக் கிராமத்தில்தான் அமைத்தது. கல்பாக் 2003இல் காலமானார், பணி தொடர்கிறது.

பணக்கார நாடுகளும் இதைத் தாழ்வாகக் கருதுவதில்லை. பின்லாந்து 1866இலேயே, யூனோ சிக்னேயஸ் என்பாரின் முயற்சியால், கைவேலையைப் பள்ளிப் பாடமாக்கியது. இன்றும் அங்கே மருத்துவர் மகளும் மரம் வெட்டுபவர் மகனும் ஒரே பட்டறையில் மரமும் துணியும் பழகுகிறார்கள். எல்லோருக்கும் பொதுவாக இருப்பதால் அது யாருக்கும் இழிவாகத் தெரிவதில்லை.

பெங்களூர் நிலைமை

கர்நாடகத்தில் நிலைமை சற்றுச் சிக்கலானது. மாநில அரசு 2023இல் தேசியக் கல்விக் கொள்கையை ஏற்பதில்லை என்று அறிவித்து, சுகதேவ் தோரட் தலைமையில் மாநிலக் கல்விக் கொள்கை ஆணையம் அமைத்தது. அதன் அறிக்கை 2025 ஆகஸ்டில் அளிக்கப்பட்டது. கொள்கை எதுவானாலும், அரசு உயர்நிலைப் பள்ளிகள் சிலவற்றில் தொழிற்பாடங்கள் ஏற்கெனவே வந்துவிட்டன. அண்மைக் கால எஸ்.எஸ்.எல்.சி. தேர்வு அட்டவணைகளைப் பார்த்தால், மூன்றாம் மொழித் தேர்வு நடக்கும் நாளிலேயே தகவல் தொழில்நுட்பம், சில்லறை வணிகம், ஆட்டோமொபைல், உடல்நலப் பணி, அழகுக்கலை ஆகிய தொழிற்பாடங்களுக்கும் தேர்வு நடந்திருப்பது தெரியும். மூன்றாம் மொழிக்கு மாற்றாக இவற்றை எடுக்கலாம் என்பதே இதன் பொருள். மொழி விஷயத்தில் ஏற்கெனவே பல கணக்குகள் போட வேண்டியிருக்கும் தமிழ்ப் பெற்றோர், இந்தத் தேர்வையும் தெரிந்துகொண்டே செய்ய வேண்டும்.

பள்ளியில் என்ன தொழிற்பாடம் இருக்கிறதோ, அதுவே மாணவனின் 'விருப்பப் பாடம்' ஆகிவிடுவது முதல் குறை. ஒரு பள்ளியில் அழகுக்கலை மட்டும் இருந்தால், மோட்டார் பழக விரும்பும் பெண் என்ன செய்வாள்? ஒரே ஒரு பாடத்தை வைத்துக்கொண்டு அதைத் தேர்வு என்று சொல்ல முடியாது.

இரண்டாவது குறை இன்னும் ஆழமானது. 2016 முதல் மத்திய அரசு அடல் ஆய்வுக்கூடங்களைப் பள்ளிகளில் நிறுவி வருகிறது. ஒரு பள்ளிக்கு 20 லட்சம் ரூபாய் வரை மானியம். முப்பரிமாண அச்சு இயந்திரம், ரோபோ உதிரிகள் எல்லாம் அங்கே உண்டு. அடுத்த ஐந்தாண்டுகளில் அரசுப் பள்ளிகளில் மேலும் 50,000 கூடங்கள் என்று 2025 பட்ஜெட்டில் அறிவிப்பும் வந்தது. நல்ல திட்டம்தான். ஆனால் அது சேர வேண்டிய இடத்துக்குச் சேர வேண்டும். சாலைக்கு ஒரு புறம் கோரமங்கலாவில் வசதியுள்ள பிள்ளைகளுக்கு ரோபோவும், மறுபுறம் ஈஜிபுராவில் ஏழைப் பிள்ளைகளுக்கு ரம்பமும் என்று பிரிந்தால், 1953 வேறு வேடத்தில் திரும்பி வந்ததாகவே ஆகும். இரண்டு பிள்ளைகளுக்கும் இரண்டும் வேண்டும்.

ஈஜிபுரா மக்களுக்கு இது வெறும் தத்துவப் பேச்சு அல்ல. 2013 ஜனவரியில், பொருளாதாரத்தில் நலிந்தோருக்கான குடியிருப்பு இருந்த நிலத்திலிருந்து ஆயிரத்துக்கும் மேற்பட்ட குடும்பங்கள் புல்டோசர்களால் வெளியேற்றப்பட்டன. பள்ளி ஆண்டு முடியச் சில மாதங்களே இருந்த நேரம் அது. கூரை நிலையில்லாத குடும்பத்துக்குப் பிள்ளையின் படிப்பு ஒன்றே எவரும் இடித்துவிட முடியாத சொத்து. அந்தச் சொத்தில் ஒரு மணி நேரத்தைக்கூட யாரும் வீணாக்க அனுமதிக்க முடியாது.

சட்டத்தில் உள்ள ஓர் இடைவெளியையும் மறந்துவிடக் கூடாது. 2016இல் திருத்தப்பட்ட குழந்தைத் தொழிலாளர் சட்டம், பதினான்கு வயதுக்கு உட்பட்டவர்களை வேலைக்கு வைப்பதைத் தடை செய்கிறது. ஆனால் பள்ளி நேரம் போக, ஆபத்தில்லாத குடும்பத் தொழிலில் உதவ அனுமதிக்கிறது. 'தொழிற்கல்வி' என்ற பெயரில் பிள்ளைகள் கடைக்கும் பட்டறைக்கும் கூலியில்லா ஆட்களாகிவிடாமல் பார்த்துக்கொள்வது அவசியம்.

புறக்கணிப்பதும் தீர்வல்ல

அப்படியானால் இந்த வகுப்பே வேண்டாம் என்று சொல்லிவிடலாமா? அதுவும் நஷ்டமே. 19 முதல் 24 வயதுள்ள இந்தியத் தொழிலாளரில் முறையான தொழிற்கல்வி பெற்றவர்கள் 5 சதவிகிதத்துக்கும் குறைவு என்று பன்னிரண்டாம் ஐந்தாண்டுத் திட்டம் மதிப்பிட்டதாகத் தேசியக் கல்விக் கொள்கையே சொல்கிறது. அமெரிக்காவில் 52, ஜெர்மனியில் 75, தென் கொரியாவில் 96 சதவிகிதம். பட்டம் பெற்றும் வேலை கிடைக்காத இளைஞரைப் பெங்களூர்த் தமிழர்கள் அறியாதவர்கள் அல்ல. ஆடுகோடியில் மைக்கோ தொழிற்சாலை இருந்த நாட்களில், கைத்திறனும் படிப்பும் சேர்ந்த பிட்டருக்கு இருந்த மதிப்பையும் அவர்கள் அறிவார்கள்.

பெற்றோருக்கு இதில் ஒரு வாய்ப்பும் இருக்கிறது. ஈஜிபுராவில் வயரிங் தெரிந்தவர், குழாய் வேலை தெரிந்தவர், வெல்டர், தச்சர், தையல்காரர் என்று ஆசான்களுக்குப் பஞ்சமில்லை. பாபளில் நடப்பதைப் போல அவர்களை மதிப்பூதியம் கொடுத்துப் பள்ளிக்கு அழைக்கலாம். 1953 திட்டம் பிள்ளையைப் பள்ளியிலிருந்து தந்தையிடம் அனுப்பியது. இனி தந்தை பள்ளிக்கு அழைக்கப்பட வேண்டும். தன் பிள்ளைக்கு மட்டும் அல்ல, எல்லாப் பிள்ளைகளுக்கும் அவர் கற்றுத்தர வேண்டும். அவர் பிள்ளையோ விரும்பினால் வேறொருவரிடம் வேறொரு வேலை பழகட்டும்.

கர்நாடக அரசுப் பள்ளிகளில் பெற்றோர் இடம்பெறும் பள்ளி வளர்ச்சி மேற்பார்வைக் குழு, அதாவது எஸ்.டி.எம்.சி., உண்டு. தமிழ்ப் பெற்றோர் பலர் மொழிக் கூச்சத்தால் அந்தக் கூட்டங்களில் பின் வரிசையில் உட்கார்ந்துவிடுகிறார்கள். தொழில் வகுப்பு வரும்போது அங்கே எழுந்து கேட்க வேண்டிய கேள்விகள் சில உண்டு. எத்தனை தொழில்களில் பிள்ளை தேர்ந்தெடுக்கலாம்? ஒன்று பிடிக்காவிட்டால் மாற்றிக்கொள்ளலாமா? என்ன செய்வது என்பதைப் பிள்ளை தீர்மானிக்கிறதா, எல்லோரும் ஒரே பொம்மையைச் செய்கிறார்களா? கணிதம், அறிவியல், ஆங்கில வகுப்புகளின் நேரம் குறைகிறதா? ஆண் பெண் இருவருக்கும் எல்லா வேலையும் உண்டா? மின்சாரத்தில் கை வைக்குமுன் சோதித்துப் பார்க்கப் பயிற்சி பெற்றவர் இருக்கிறாரா? கடைசியில் கிடைக்கும் சான்றிதழ் ஐ.டி.ஐ.யிலோ பாலிடெக்னிக்கிலோ செல்லுமா?

இவற்றுக்கு நேரான பதில் சொல்லும் பள்ளியில் பிள்ளை தயங்காமல் உளியைப் பிடிக்கலாம். அங்கே அது பேனாவுக்குப் பகை ஆகாது. பதில் சொல்ல முடியாத பள்ளியில், பதில் வரும் வரை பெற்றோர் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.